நரசாபுரத்துக் கொக்கி ஊசி

வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கோதாவரி மாநதியின் போக்கை விரலால் தொடர்ந்து செல்லுங்கள். நாசிக்கிற்கு அருகே திரியம்பகத்தில் பிறந்து, தக்ஷிண பீடபூமியை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து, பாபிக் குன்றுகளின் இடுக்கில் ஒடுங்கிப் புகுந்து வெளிப்படும் அந்த நதி, ராஜமகேந்திரத்தைத் தாண்டித் தவளேசுவரத்து அணைக்கட்டைக் கண்டதும் கிளைகளாகப் பிரிந்துவிடுகிறது. கிழக்கே செல்வது கௌதமி. மேற்கே செல்வது வசிஷ்டை. வசிஷ்ட கோதாவரி கடலில் கலக்கும் அந்தர்வேதிக்குச் சற்று மேலே, அதன் வலக்கரையில் ஒரு சிறு புள்ளி தென்படும். ரெயில் பாதையின் கோடும் அந்தப் புள்ளியோடு நின்றுவிடும். அதுதான் நரசாபுரம்.

பெஜவாடாவிலிருந்து, அதாவது விஜயவாடாவிலிருந்து, குடிவாடா, பீமவரம் வழியாகச் செல்லும் ரெயில் நம்மை அங்கே கொண்டு சேர்க்கிறது. ஜன்னலோரத்து ஆசனம் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். கண்ணுக்கு எட்டிய தூரம் நெல்வயல். அதன் வரம்பெல்லாம் தென்னை. தென்னைகளின் நடுவே நேர்கோடு கிழித்ததுபோல் வாய்க்கால். 1847-ம் ஆண்டிலிருந்து 1852-ம் ஆண்டுவரை ஆர்தர் காட்டன் என்னும் எஞ்சினியர் தவளேசுவரத்தில் கட்டுவித்த அணை, வெள்ளத்துக்கும் பஞ்சத்துக்கும் மாறி மாறிப் பலியாகி வந்த பூமியைத் தானியக் களஞ்சியமாக்கிற்று. சமீப காலத்தில் வயல்களுக்கு நடுவே சதுரம் சதுரமாக மீன் குளங்களும் இறால் குளங்களும் தோன்றியிருக்கின்றன. மாலை வெயிலில் அவை கண்ணாடித் துண்டுகள்போல் பளபளக்கின்றன.

பாலகொல்லில் வண்டி நிற்கும்போது, பஞ்சாராம க்ஷேத்திரங்களுள் ஒன்றாகிய க்ஷீராராமத்தின் உயர்ந்த கோபுரத்தைத் தரிசிக்கலாம். அதற்கு அடுத்தாற்போல் தண்டவாளம் முடிந்துபோகும் இடம் நரசாபுரம்.

கப்பலும் துணியும்

இன்று அமைதியாகத் தோன்றும் இந்த ஊர் பதினேழாம் நூற்றாண்டில் கடல் வியாபாரிகள் அனைவரும் அறிந்த துறைமுகமாக இருந்தது. டச்சுக்காரர்கள் இங்கே வந்தார்கள், ஆங்கிலேயர்களும் வந்தார்கள். கோதாவரி மிதக்கவிட்டுக் கொண்டுவந்த தேக்கு மரத்தைக்கொண்டு நம் நாட்டுத் தச்சர்கள் இங்கே கப்பல் கட்டினார்கள். அந்தக் கப்பல்களை ஐரோப்பியர்களே விரும்பி வாங்கினார்கள் என்றால் வேலையின் தரத்தைப்பற்றி வேறு சாக்ஷியம் வேண்டுவதில்லை.

ஊருக்கு ஒட்டினாற்போல் மாதவய்யபாலம் என்று ஓர் இடம் இருந்தது. அந்நிய நாவில் அது 'மடபொல்லம்' ஆயிற்று. அங்கே நெய்யப்பட்ட மெல்லிய பருத்தித் துணி உலகமெங்கும் அந்தப் பெயராலேயே விலைபோயிற்று. பிற்காலத்தில் அந்நிய ஆலைகள் நெய்த துணிக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. இங்கே ஊரை நதி கரைத்தது. தறியை ஆலை விழுங்கிற்று. பெயர் மட்டும் சீமைத் துணியின்மேல் முத்திரையாக மிஞ்சிற்று. இந்தச் சரித்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நரசாபுரத்து வீதிகளில் நடப்பது நல்லது. ஏனெனில், அதே ஊரில் இன்னொரு கைத்தொழில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதுவே லேஸ் பின்னல். நம் வீடுகளில் 'குரோஷா' என்று வழங்கும் கொக்கி ஊசி வேலை.

கொக்கி ஊசி வந்த கதை

'குரோஷே' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சிறு கொக்கி என்று பொருள். ஒரே ஒரு கொக்கி, ஒரே ஒரு நூல். வேறு கருவி எதுவும் இந்த வேலைக்கு வேண்டாம். 1845-ம் ஆண்டு முதல் அயர்லாந்து தேசத்தை உருளைக்கிழங்குப் பஞ்சம் வாட்டியபோது, பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு இந்தச் சிறு கொக்கிதான் கஞ்சி வார்த்தது. 1847-ல் க்ளோன்ஸ் என்னும் ஊரில் பாதிரியாரின் மனைவியாகிய கஸாண்ட்ரா ஹாண்ட் என்ற மாது ஏழைப் பெண்களுக்கு இதைக் கற்பித்த வரலாறு பிரசித்தமானது. பெரிய மாளிகைகளில் சீமாட்டிகளின் உடையை அலங்கரித்த பின்னலைக் குடிசையில் பசித்திருந்த பெண்கள் பின்னினார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கோதாவரிப் பிரதேசத்துக்கு வந்த கிறிஸ்தவ மிஷன் தம்பதிகளால் இந்த வேலை இங்கே நுழைந்தது. முதலில் மதம் மாறிய ஏழைக் குடும்பத்துப் பெண்கள் கற்றார்கள். பிறகு, வீட்டைவிட்டு வெளியே சென்று வேலை செய்வது கௌரவக் குறைவு என்று எண்ணிய விவசாயக் குடும்பத்துப் பெண்களும் கற்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏற்றுமதி வியாபாரம் வளர்ந்தது.

தமிழ்நாட்டுச் சகோதரிகளுக்கு இந்தக் கதை புதிதாக இராது. நாகர்கோவிலில் 1820-களிலேயே மால்ட் தம்பதிகளின் பெண் பள்ளியில் லேஸ் வேலை தொடங்கிவிட்டது. அவர்களுடைய மகள் எலிஸா 1844-ல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்று, அந்தத் தேரிக்காட்டிலும் பெண்களுக்கு லேஸ் கற்பித்தார். ஆனால் நாகர்கோவில் வேலை வேறு. நரசாபுரத்து வேலை வேறு. அங்கே திண்டின்மேல் மாதிரித் தாளை வைத்து, குண்டூசிகள் குத்தி, நூல் சுற்றிய பல சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுவார்கள். இங்கே அவ்வளவு சாமான் கிடையாது. மடியில் நூல்கண்டு, கையில் கொக்கி. திண்ணையில் உட்கார்ந்தால் போதும், தொழிற்சாலை தயார்!

ஒரு திண்ணையில் கேட்ட பாடம்

நரசாபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு நடந்துபோனால், வீட்டுக்கு வீடு அந்தத் தொழிற்சாலையைக் காணலாம். சாப்பாட்டுக் கடை முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாயிற்று; மாடு திரும்ப இன்னும் நேரம் இருக்கிறது. இந்த இடைவேளையில் இரண்டு பேர், மூன்று பேராகப் பெண்கள் வாசலில் கூடுகிறார்கள். வாய் ஊர் வம்பு பேசுகிறது. கண் தெருவைப் பார்க்கிறது. விரல்கள் மட்டும் தாமாகவே ஓடுகின்றன.

என்னுடன் வந்திருந்த என் தமக்கையார் குரோஷா வேலையில் கைதேர்ந்தவர். சித்தூரில் வாழ்க்கைப்பட்டவராதலால் தெலுங்கும் சரளமாகப் பேசுவார். "ரண்டி, கூர்ச்சோண்டி" என்று ஒரு வயதான அம்மாள் அழைத்ததும் அக்காள் தயக்கமின்றித் திண்ணையில் அமர்ந்துவிட்டார். "அவ்வா, உங்கள் கையிலுள்ள வட்டம் தட்டையாகப் படிந்திருக்கிறதே, எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அது குடைபோல் கவிழ்ந்துகொள்கிறது, என்ன ரகசியம்?" என்று கேட்டார். அவ்வா சிரித்தார். பிறகு இரண்டு மணி நேரம் பாடம் நடந்தது. அந்தப் பாடத்தில் கேட்டவற்றையும், அக்காள் தம் அனுபவத்திலிருந்து சேர்த்தவற்றையும் நம் சகோதரிகளுக்கு உபயோகப்படும் என்று தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, நூலின் இழுப்பு. கொக்கி பிடிக்கும் வலக்கையைவிட நூல் விடும் இடக்கைதான் முக்கியம். நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலின்மேல் போட்டுக்கொண்டால் இழுப்பு ஒரே சீராக வரும். கோபத்தோடு பின்னினால் பின்னல் இறுகும், சோம்பலோடு பின்னினால் தளரும் என்றார் அவ்வா. ஆகவே ஒரு நாள் விட்டுப் பின்னும்போது, முதலில் வேறு நூலில் நாலு வரிசை பின்னிக் கையைப் பழக்கிக்கொண்டு, பிறகே உண்மையான வேலையைத் தொடவேண்டும்.

இரண்டாவது, அடிச் சங்கிலி. வேலை முழுவதும் முதலில் போடும் சங்கிலியின்மேல் நிற்கிறது. அது இறுகிவிட்டால் துணி வில்போல் வளையும். சங்கிலிக்கு மட்டும் ஓர் அளவு பெரிய கொக்கியை உபயோகித்து, அடுத்த வரிசை முதல் சரியான கொக்கிக்கு மாறிவிடுவது நல்ல யுக்தி.

மூன்றாவது, வட்டக் கணக்கு. நூலைக் கொக்கியில் ஒருமுறை சுற்றிப் போடும் நெட்டைத் தையலில் வட்டம் பின்னுவதானால், முதல் சுற்றில் பன்னிரண்டு தையல்; அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் பன்னிரண்டு கூட்டவேண்டும். அதாவது 12, 24, 36, 48 என்று போகும். நூலைச் சுற்றாமல் போடும் குட்டைத் தையலானால் 6, 12, 18, 24 என்று ஆறு ஆறாகக் கூட்டினால் போதும். கூட்டுவது குறைந்தால் வட்டம் கிண்ணமாகிவிடும். மிஞ்சினால் ஓரம் கொசுவம்போல் அலைபாயும். கை இறுக்கத்துக்குத் தக்கபடி ஒன்றிரண்டு மாறலாம். தரையில் விரித்துப் பார்த்தால் வட்டமே உண்மையைச் சொல்லிவிடும்.

நான்காவது, எண்ணிக்கை. வரிசை முடிவில் எண்ணாதவர் பத்தாம் வரிசையில் பிரிக்க நேரும். வேலை நீளமானால் இருபது தையலுக்கு ஒருமுறை சிவப்பு நூல் துண்டு ஒன்றை அடையாளமாகச் செருகி வைக்கலாம். வரிசை தோறும் ஒரு தையல் குறைந்துகொண்டே போகிறதென்றால், திருப்பும்போது போட்ட சங்கிலியைத் தையலாகக் கணக்கிட்டுவிட்டு, திரும்பி வரும்போது அதன் தலையில் தைக்காமல் விட்டுவிடுகிறோம் என்று அர்த்தம்.

ஐந்தாவது, புஸ்தகத்தைப் பார்த்துப் பின்னுவோருக்கு ஓர் எச்சரிக்கை. இது அக்காள் சொன்னது. ஆங்கிலேயர் 'டபிள்' என்று சொல்லும் தையலை அமெரிக்கர் 'ஸிங்கிள்' என்கிறார்கள். ஆங்கிலேயர் 'ட்ரெபிள்' என்பதை அமெரிக்கர் 'டபிள்' என்கிறார்கள். பெயர் ஒன்று, தையல் வேறு. புஸ்தகம் எந்தத் தேசத்தில் அச்சிட்டது என்று முதலில் பார்த்துக்கொள்ளாவிட்டால், மேஜை விரிப்பாகத் தொடங்கியது கைக்குட்டையாக முடியும்.

ஆறாவது, நூல். நூலின்மேல் போட்டிருக்கும் எண் கூடக்கூட நூல் மெல்லியதாகும்; 20-ம் எண்ணைவிட 40-ம் எண் மெல்லியது. ஒரு வேலைக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தடவையில், ஒரே சாயக் குறி போட்டதாக வாங்கிவிடவேண்டும். வெள்ளையிலும் பல வெள்ளை உண்டு. கடையில் தெரியாத பேதம் மேஜைமேல் தெரியும். பளபளப்பும் உறுதியும் வேண்டுமானால் 'மெர்ஸரைஸ்' செய்த பருத்தி நூலே ஏற்றது. பருத்தியைக் காரத்தில் தோய்க்கும் அந்த முறையை ஜான் மெர்ஸர் என்பவர் கண்டறிந்து 1850-ல் உரிமை பெற்றார். ஆகையால் இந்த நூலுக்கு அவர் பெயர்.

ஏழாவது, சுத்தம். வெள்ளை லேஸ் பின்னுகிறவர்கள் நூல்கண்டைத் துணிப்பையிலோ தேங்காய்ச் சிரட்டையிலோ போட்டுக்கொள்ளவேண்டும். தரையில் உருண்டால் அழுக்காவதோடு சிக்கும் விழும். மடியில் கறுப்புத் துணி ஒன்றை விரித்துக்கொண்டால் வெள்ளைத் தையல் தெளிவாகத் தெரியும். கண்ணுக்கும் களைப்புக் குறையும். வெளிச்சம் இடப்புறத் தோள்மேல் விழும்படி உட்காரவேண்டும். அரை மணிக்கு ஒருமுறை தலை நிமிர்ந்து தூரத்து மரத்தைப் பார்க்கவேண்டும்.

எட்டாவது, முடிவு வேலை. நூலை வெட்டும்போது நான்கு விரற்கடை வால் விட்டு, அதை ஊசியில் கோத்து, ஒரு திசையில் ஓட்டி, மறுபடி எதிர்த்திசையில் திருப்பிச் செருகினால் எத்தனை தடவை துவைத்தாலும் அவிழாது. லேஸைப் பிழியக்கூடாது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் அமுக்கி எடுத்து, துவாலையில் வைத்துச் சுருட்டி ஈரத்தை வாங்கி, பலகையில் விரித்துத் துருப்பிடிக்காத குண்டூசிகளால் வளைவுகளை ஒவ்வொன்றாக இழுத்துக் குத்தி, நிழலில் உலர்த்தவேண்டும். விறைப்பு வேண்டுமானால் மெல்லிய அரிசிக் கஞ்சி போதும். குத்தி உலர்த்தாத லேஸும் தலை வாராத குழந்தையும் ஒன்று என்பது அக்காளின் சித்தாந்தம்.

இரண்டு ஊசிகொண்டு கம்பளி ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கும் ஒரு யுக்தி உண்டு. குரோஷாவில் கொக்கியிலிருந்து நழுவக்கூடியது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான். ஊசிப் பின்னலிலோ வரிசை முழுவதும் ஊசியின்மேல் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு கண்ணி நழுவினால் ஏணிப்படிபோல் கீழ்வரை இறங்கிவிடும். சிக்கலான மாதிரி பின்னும்போது, பத்து வரிசைக்கு ஒருமுறை மெல்லிய வேற்று நிற நூலை ஊசியில் கோத்து எல்லாக் கண்ணிகளின் ஊடேயும் ஓட்டிவைத்தால், எந்தப் பிழை வந்தாலும் அந்த வரிசையோடு பிரிதல் நின்றுவிடும். பயம் நீங்கினால் கை வேகமாக ஓடும்.

ஒரு விரிப்பு, பல கைகள்

அவ்வாவின் வீட்டில் மேஜை விரிப்பு எதுவும் இல்லை. உள்ளங்கை அகலப் பூக்கள்தாம் குவிந்திருந்தன. முழு விரிப்பும் ஒரே வீட்டில் உருவாவது அபூர்வம். வியாபாரியின் ஏஜெண்டு நூலையும் மாதிரியையும் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரு கிராமத்தில் பூக்கள் தயாராகின்றன. இன்னொரு வீட்டில் அவற்றை இணைக்கிறார்கள். இணைக்கும் வேலைக்கு 'அதுகுபனி' என்று பெயர். பிறகு துவைத்து, சலவை செய்து, அளவு பார்த்து, மூட்டை கட்டுவது நகரத்து வியாபாரியின் இடத்தில்.

நூலின் இழுப்பைப்பற்றி அவ்வா அவ்வளவு அழுத்திச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கும். ஒருத்தியின் பூ இறுகியும் மற்றொருத்தியின் பூ தளர்ந்தும் இருந்தால், இணைக்கிறவள் என்ன பாடுபட்டாலும் விரிப்பு சமமாகப் படியாது. ஒருவரையொருவர் பார்த்தேயிராத பத்துப் பெண்கள் ஒரே கை என்று சொல்லும்படி பின்னவேண்டும். அதற்கு வேண்டிய தேர்ச்சியை எந்தப் பள்ளியும் சான்றிதழ் கொடுத்து அங்கீகரித்ததில்லை.

வேலையின் அளவையும் சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு வரிசையில் எட்டெட்டாக அறுபத்து நான்கு பூக்கள் கொண்ட ஒரு விரிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பூவுக்கு இருபது நிமிஷம் என்றால், பூக்களுக்கு மட்டும் இருபத்தொரு மணி இருபது நிமிஷம் ஆகிறது. இணைப்பு, ஓரம், சலவை எல்லாம் இதற்குமேல். வீட்டு வேலையின் நடுவே தினம் நான்கு மணி நேரம் ஒதுக்கக்கூடிய பெண் ஒருத்திக்கு இது ஒரு வார உழைப்பு. கடையில் அந்த விரிப்பின் விலையைக் கேட்டுப் பேரம் பேசும்போது இந்தக் கணக்கை நினைப்பவர் எத்தனை பேர்?

இயந்திரத்துக்கு எட்டாத வேலை

இங்கே வியக்கத்தக்க ஒரு விஷயம் உண்டு. 1589-ல் வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் காலுறை பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். அன்று முதல் ஊசிப் பின்னல் படிப்படியாக ஆலைக்குப் போயிற்று. 1809-ல் ஜான் ஹீத்கோட் வலை லேஸ் நெய்யும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். திண்டு லேஸின் சாம்ராஜ்யம் சரியத் தொடங்கிற்று. ஆனால் குரோஷாவை மட்டும் இன்றுவரை எந்த ஆலையும் கைப்பற்றவில்லை. கொக்கி எந்தத் திசையிலும் திரும்பி, முன்னே போட்ட எந்தத் தையலுக்குள்ளும் நுழைந்து, ஒவ்வொரு கண்ணியையும் முழுமையாக முடித்துவிட்டே அடுத்ததற்குச் செல்கிறது. இந்தச் சுதந்திரத்தைப் பெருவாரி உற்பத்தி இயந்திரம் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. கடைகளில் மலிவாக விற்கும் 'மெஷின் குரோஷா' என்பது வேறு வகைப் பின்னலால் செய்த போலி.

உண்மையையும் போலியையும் பிரித்தறிவது கடினமன்று. கைவேலையின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு தையலின் தலையிலும் இரண்டு இழைகள் சேர்ந்து, பின்னிய ஜடைபோல் வரிசையாகச் செல்லும். ஒரு பூவுக்கும் மற்றொன்றுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். திருப்பிப் பார்த்தால் நூல் முடிந்த இடத்தில் வால் செருகியிருப்பது தெரியும். போலியில் எல்லாப் பூவும் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்கும். தலையில் ஜடை இராது.

இயந்திரத்தால் செய்ய முடியாத வேலை என்றால், செய்யத் தெரிந்தவர்களுக்குக் கூலி உயர்ந்திருக்கவேண்டும் என்றுதானே நாம் எண்ணுவோம்? நரசாபுரத்தில் நடந்தது நேர்மாறானது.

'சும்மா இருப்பவர்கள்'

மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய சமூகவியல் அறிஞர் 1970-களின் பிற்பகுதியில் இந்தக் கிராமங்களில் தங்கி, சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்துக்காக ஆராய்ச்சி செய்தார். நரசாபுரத்து லேஸ் பின்னுவோரைப்பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1982-ல் வெளிவந்து உலகெங்கும் படிக்கப்பட்டது. பெண்கள் தினமும் ஆறு முதல் எட்டு மணி நேரம் லேஸ் பின்னினார்கள். அதற்குமேல் சமையலும் வீட்டுவேலையும் செய்தார்கள். அவர்கள் பின்னியது கடல் கடந்து விற்று அந்நியச் செலாவணி ஈட்டிற்று. ஆயினும் அவர்களைத் தொழிலாளி என்று எவரும் கருதவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்றே வியாபாரிகள் சொன்னார்கள், கணவன்மார் சொன்னார்கள், அந்தப் பெண்களே கூட அப்படித்தான் சொன்னார்கள். பொழுதுபோக்குக்குக் கூலி எதற்கு? விளைவாக, வயலில் இறங்கி நாற்று நட்ட ஏழைப் பெண்ணைவிடத் திண்ணையில் கௌரவமாக அமர்ந்திருந்த பெண் குறைவாகவே சம்பாதித்தாள்.

நூல் கொடுத்து லேஸ் வாங்கும் ஏஜெண்டு வேலையைச் செய்துவந்த பெண்கள்கூட, வியாபாரம் பெருகப் பெருக ஆண்களுக்கு இடம்விட்டு ஒதுங்க நேர்ந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். பூ பின்னுகிறவளுக்கு விரிப்பின் விலை தெரியாது. இணைப்பவளுக்கு அது போகும் தேசம் தெரியாது. ஒருவரையொருவர் அறியாதிருந்ததால் சேர்ந்து கூலி கேட்கவும் வழியில்லை.

வேலை வீட்டுக்குள் நடக்கிறது என்பதனால் அது வேலை அல்லாமல் போகாது. நம் தமிழ்நாட்டிலும் பீடி சுற்றுகிறவர்களும், பூத் தொடுக்கிறவர்களும், அப்பளம் இடுகிறவர்களும் 'வீட்டில் சும்மாத்தான் இருக்கிறேன்' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த ஒரு சொல்லால் எத்தனை கூலி குறைகிறது என்பதற்கு நரசாபுரமே அத்தாட்சி.

புதிய முத்திரை

அதன்பின் காலம் சிறிது மாறியிருக்கிறது. பெண்களின் சங்கங்களும் கூட்டுறவு ஸ்தாபனங்களும் தோன்றின. நரசாபுரத்தை ஒட்டிய ருஸ்தும்பாதாவில் லேஸ் வர்த்தக மையம் ஒன்று எழுந்தது. அங்கே பயிற்சியும் புது மாதிரிகளும் கற்பிக்கிறார்கள். இயந்திரத்தில் செய்த சீனத்து லேஸ் மலிந்ததால் வியாபாரம் தளர்ந்தது. இளம் பெண்களில் பலர் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் இந்தத் தொழில் நமக்கு எதற்கு என்று வேறு வேலை தேடிப் போகிறார்கள். அவ்வாவின் பேத்தியும் கல்லூரிக்குப் போகிறாள். "கொக்கி பிடிக்கத் தெரியும், பிடிப்பதில்லை" என்றார் அவ்வா. குரலில் வருத்தம் இருந்ததா, திருப்தி இருந்ததா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

2024-ம் ஆண்டில் நரசாபுரத்துக் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி வேறோரிடத்தில் செய்ததை நரசாபுரத்துச் சரக்கு என்று சொல்லி விற்பது சட்டப்படி குற்றம். மடபொல்லத்துத் துணிக்கு அன்று இந்தப் பாதுகாப்பு இருந்திருந்தால், சீமை ஆலைகள் அந்தப் பெயரை அவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டிருக்க முடியுமா என்று யோசிக்கத் தோன்றுகிறது. ஊரின் பெயரை இந்த முறை சட்டம் காப்பாற்றிவிட்டது. ஆனால் பெயர் பிழைத்தால் மட்டும் போதாது, பின்னுகிறவள் பிழைக்கவேண்டும். புவிசார் குறியீடு சரக்கின் பிறப்பிடத்தைச் சொல்லுமேயன்றி, செய்தவளுக்கு என்ன கொடுத்தார்கள் என்று சொல்லாது. அதைக் கேட்கவேண்டியவர்கள் வாங்குகிற நாம்தாம்.

யாத்திரை செல்வோருக்கு

அந்தர்வேதி லக்ஷ்மிநரசிம்மரைத் தரிசிக்கச் செல்வோர் நரசாபுரத்தில் இறங்கி, நதியைக் கடந்து அக்கரையிலுள்ள சகினேட்டிபல்லிக்குச் செல்வது வழக்கம். படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அரை நாளை லேஸுக்கு ஒதுக்குங்கள். கூடுமானவரை பெண்களின் சங்கங்களிலேயே வாங்குங்கள். துண்டின் ஓரத்தில் ஜடையைப் பாருங்கள். தரையில் விரித்து வட்டம் தட்டையாகப் படிகிறதா என்று பாருங்கள். இணைப்புகளை மெல்ல இழுத்துப் பாருங்கள். இவ்வளவும் பார்த்துத் திருப்தியானால், "இது எத்தனை மணி நேரத்து வேலை?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைக் கேட்டபின் பேரம் பேச மனம் வந்தால் பேசுங்கள்.

வீட்டில் பொழுதுபோக்காகக் கொக்கி பிடிக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பூ பின்னும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று ஒரு காகிதத்தில் குறித்து, அதை நூல்கண்டோடு வைத்திருங்கள். உங்கள் நிமிஷத்தின் மதிப்பை நீங்கள் அறிந்துவிட்டால், கோதாவரிக் கரையிலுள்ள முகமறியாத சகோதரியின் நிமிஷமும் மலிவாகத் தோன்றாது.